வேதியியலுக்கு ஆள் இல்லை

ஆண்கள் மேல்நிலைப் பள்ளியின் கேட்டைத் தாண்டிவிட்டால் வேதியியல் வாத்தியாருக்குச் சொந்த மகள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். வீட்டில் நன்றாகத் தெரிவாள். காலையில் இருவரும் ஒரே சைக்கிளில் வருவார்கள். சக்கரம் உள்ளே நுழைந்ததும் பின்சீட்டில் கனம் மட்டும் இருக்கும், ஆள் இருக்காது. அங்கே சம்பளம் வாங்கிய எல்லாருக்குமே அப்படித்தான். பையன்களுக்குத் தெரிந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

பள்ளியின் பூர்வீகம் அப்படி. ஏழு பெண்களைப் பெற்ற ஓட்டு ஆலை முதலாளி ஒருவர், பகலில் கொஞ்ச நேரமாவது தன் பேச்சு எடுபடும் ஓர் இடம் வேண்டுமென்று அதைக் கட்டினார். பெண்களுக்கு இடமில்லை என்று விதி எழுதினார். அதைப் படித்துப் படித்து எல்லார் கண்ணும் பழகிவிட்டது. மகள்களின் நச்சரிப்புத் தாங்காமல் எதிர்த்தெருவில் பெண்கள் பள்ளி ஒன்றும் கட்டிக்கொடுத்தார். அங்கே தையல் மெஷின் இருந்தது, பாட்டு வகுப்பு இருந்தது, ஆய்வுக்கூடத்துக்குப் பதில் ஓர் ஆய்வுக்கூடத்தின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

வாத்தியார் மகளுக்குப் படம் போதவில்லை. அட்மிஷன் நாளன்று ஆண்கள் பள்ளி வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பையன் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் அழுதான். அடக்கமான பிள்ளை என்று சேர்த்துக்கொண்டார்கள். அவள் முறை வந்தபோது தலைமையாசிரியர் வெறும் இடத்தைப் பார்த்து "அடுத்தது" என்றார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று அவள் நேரே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அந்தப் பெஞ்சிலிருந்து சரியான பதில்களாக வர ஆரம்பித்தன. நல்ல மரமாக இருக்கும் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் அதே கடையில் இன்னும் பத்து பெஞ்சுக்குச் சொல்லியனுப்பினார்.

சாயங்காலம் வீட்டில்தான் வம்பு.

"அப்பா, இன்னைக்கு ரெண்டாவது சமன்பாட்டைத் தப்பா எழுதிட்டீங்க."

"நீ அங்க இல்லவே இல்லையேம்மா."

"நீங்க பார்க்கலைன்னா அவ இல்லாம போயிடுவாளா?" என்று அம்மா கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள். வாத்தியார் தட்டைப் பார்த்துக்கொள்வார். கெட்ட மனுஷன் இல்லை, பாவம். விதியை மீறிப் பழக்கமில்லாதவர்.

ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் அமிலக் குடுவை உடைந்தது. "அப்பா!" என்று ஓர் அலறல். வாத்தியார் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீருக்கடியில் முதலில் வெந்து சிவந்த ஒரு மணிக்கட்டு தெரிந்தது. பிறகு நகம் கடித்த விரல்கள், தோள், பின்னல், முகம். இத்தனை நாளும் இவளை வெறும் பெஞ்சாகப் பார்த்தோமே என்று வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "எங்கடா உங்க சார்?" என்று பையன்களைக் கேட்டார்.

"உங்க முன்னாடிதான் சார் நிக்கிறார்."

"வாயை மூடுங்கடா."

அவளைப் பார்த்தவரைப் பள்ளி பார்க்காது என்பது அப்போதுதான் விளங்கியது. அன்று வீட்டில் அம்மாவே தயங்கித் தயங்கி, "ஒரு நாள் அவளைப் பார்க்காம இருந்து பாருங்களேன். வேலை போயிட்டா என்னங்க பண்றது?" என்றாள். மகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மறுநாள் பாடத்தைப் புரட்டினாள்.

மறுநாள் அவர் கரும்பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாடம் நடத்தினார். ஓரக்கண்ணில் மூன்றாவது பெஞ்சு மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது. தாழ்வாரத்தில் போன தலைமையாசிரியர் நின்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "அட, சார்! வந்துட்டீங்களா?" என்றார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து, "சார், ஒரு சந்தேகம்" என்று குரல் வந்தது. அப்பா என்று கூப்பிடவில்லை. வாத்தியார் "கேளும்மா" என்று திரும்பிவிட்டார். தலைமையாசிரியர் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவேயில்லை.

சம்பளம் நின்றது, சாயங்கால டியூஷனில் குடும்பம் ஓடியது. பகலில் அவர் வழக்கம்போலப் போய்ப் பாடம் எடுத்தார். வேதியியலுக்கு ஆள் தேவை, ஆண்கள் மட்டும் என்று பள்ளி விளம்பரம் கொடுத்தது. வந்தவர்களும் ஒரு வாரத்துக்குள் அவளைப் பார்த்துத் தொலைத்து, இருந்த இடம் தெரியாமல் போனார்கள். ஆனால் வேதியியலில் எல்லாரும் தேறினார்கள். வாத்தியாரே இல்லாமல் இப்படியென்றால் நம் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் நெஞ்சை நிமிர்த்தினார். மகளின் சான்றிதழில் பெயர் 'மூன்றாவது பெஞ்சு' என்று வந்தது. கல்லூரியில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எதிர்த்தெருவிலிருந்து மேலும் பெண்கள் வந்தார்கள், பையன்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வேலை இன்றும் காலிதான். வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, வீட்டோடு இருக்கிறார். பாடம் எடுப்பது மணிக்கட்டில் தழும்புள்ள மகள். இப்போதைய தலைமையாசிரியர் அட்மிஷன் நாளில் பெற்றோரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்து உட்காரவைத்து, தானாக எழுதிக்கொள்ளும் கரும்பலகையைக் காட்டி, "இந்த வசதி வேற எந்த ஸ்கூல்லயும் கிடையாது" என்பார். பெற்றோர் அவளைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். தலைமையாசிரியர் அது தனக்கென்று பதிலுக்குக் கை கூப்பிவிட்டு, உட்காரச் சொல்வார்.