பெயின்ட் போன கத்தி

மேசையின் மூன்றாவது இழுப்பறையையும் கவிழ்த்துக் கொட்டிய பிறகுதான் அப்பாவின் அடையாள அட்டை கிடைத்தது. தீர்ந்துபோன பேனாக்கள், கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அட்டை இருந்தால்தான் சான்றிதழ் எழுத முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வாசலில் சித்தப்பா காரை அணைக்காமலே நிறுத்தியிருந்தார். மகள் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். அப்போது அறைக்குள் யாரோ இருமினார்கள்.

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

நாற்காலிக் கைப்பிடியில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனிலிருந்துதான் அந்த இருமல் வந்திருந்தது. அடுத்து ஒரு பெண் குரல், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல. "பாலிஷ் அண்ணே, வந்துட்டீங்களா? டீ போடப் போனீங்களா, தேயிலை பறிக்கப் போனீங்களா?"

மகள் அசையாமல் நின்றாள். டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அப்பா விழுந்தார். அடுத்த அறையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஏதோ பாத்திரம் என்று நினைத்து வாரி முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தாள். ஆம்புலன்சில் ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், அவளைவிட இளையவர், இரண்டே நிமிடத்தில் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மணி இப்போது பதினொன்றரை. மூன்று மணி நேரத்துக்குள் இத்தனையும் நடந்து முடிந்திருந்தது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. எல்லாப் பொருள்களும் அளவுக்கு மீறித் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். மடக்கியிருந்த மைக்கை வாய்ப் பக்கம் இறக்கினாள்.

"நான் அவர் பொண்ணு பேசுறேன்."

"ஓ, பல் ஆஸ்பத்திரியில இருக்கிற பொண்ணா? உங்களப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு. அண்ணன் அசந்துட்டாரா? தூங்கினா எழுப்பாதீங்கம்மா, நான் அப்புறமா வர்றேன்."

"அப்பா இறந்துட்டாரு."

காலையிலிருந்து எல்லாருக்கும் சித்தப்பாதான் சொன்னார். ஒவ்வொருவரிடமும் "நேத்து ராத்திரிகூடப் பேசினேனே" என்று சேர்த்துக்கொண்டார். அவள் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. டாக்டர் இன்னைக்கு லீவு என்று வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சொல்வாளே, அதே குரலில் வந்துவிட்டது.

மறுமுனையில் ஒரு கதவு மணி அடித்தது. யாரோ தலைவலிக்கு மாத்திரை கேட்டார்கள். "கொஞ்சம் நில்லுங்க," என்றது குரல் அவர்களிடம். பிறகு இவளிடம், மெதுவாக, "எப்போ?"

"காலையில. எட்டேகால், எட்டரை இருக்கும்."

"எட்டேகால் வரைக்கும் எங்கிட்டதானே பேசிட்டு இருந்தாரு." அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு வாய் டீ குடிச்சிட்டு வந்துடறேன்னாரு. மைக்கை மடக்கிட்டுப் போனாரு. நான் கடையைத் திறந்துட்டு, பில்லு போட்டுட்டு, நடு நடுவுல கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

மேசைமேல் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கத்தி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. வர்ணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிடிக்குப் பக்கத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குக் கொஞ்சம் சிவப்பு. மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

இந்தப் பைத்தியம் அவளுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அப்பா துப்பாக்கி விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டார். சுடுவதில் அவருக்கு அத்தனை ஆர்வமில்லை. அதில் வரும் துப்பாக்கிக்கும் கத்திக்கும் போர்த்துகிற, நிஜக் காசுக்கு விலை போகிற வர்ண உறைகளை, ஸ்கின்களைத்தான் மணிக்கணக்காகப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். ஒருநாள் அவளையும் பிடித்து உட்கார வைத்தார்.

"ரெண்டும் ஒரே ஸ்கின்தான். வித்தியாசம் சொல்லு பார்க்கலாம்."

"ஒண்ணு புதுசு, ஒண்ணு கீறலு."

"அந்தக் கீறலுக்கு ஒரு எண் இருக்கு. பூஜ்யத்துலேருந்து ஒண்ணு வரைக்கும். பூஜ்யம்னா பளபளன்னு இருக்கும். ஏற ஏற, ஓரத்துல முதல்ல பெயின்ட் போகும், அப்புறம் நடுவுல. விலையும் கூடவே இறங்கும். கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் இருக்கும், ஆனா எண் ஒரு கோட்டைத் தாண்டிடுச்சுன்னா பாதி விலை."

"விளையாட விளையாடத் தேயுமா?"

"தேயாது. அது கைக்கு வரும்போதே விழுந்த எண். எத்தனை வருஷம் ஆடினாலும் அப்படியேதான் இருக்கும்."

"அப்ப புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்ல? உங்ககிட்ட இருக்கிறது எல்லாமே குப்பையா இருக்கு."

அப்பா சிரித்தார். முப்பத்தொரு வருஷம் ஒரு பட்டறையில் பாலிஷ் சக்கரத்தின் முன்னால் நின்றவர். கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், எது வந்தாலும் முகம் தெரிகிற மாதிரித் தேய்த்து அனுப்புவது அவர் வேலை. "ஆயுசு பூரா கீறலை எடுத்தாச்சு. இனிமேயாவது அது பாட்டுக்கு இருக்கட்டுமே," என்றார். அவளுக்கு ஃபோன் வந்தது. எழுந்து போய்விட்டாள்.

"இந்தக் கத்தி யாரோடது?" என்று இப்போது கேட்டாள்.

"அது கிடக்கட்டும்மா. அதைப் பேசற நேரமா இது?"

"சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். கத்தி அவளுடையது. பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றொன்பதுக்குப் பக்கத்தில் எண், கிட்டத்தட்ட ஒன்று. "நடுவுல இருக்கிறதைத்தான் யாரும் சீந்த மாட்டாங்க. ஒண்ணு புத்தம் புதுசா இருக்கணும், இல்ல சுத்தமா போயிருக்கணும். இப்படி முழுசா உரிஞ்சது கிடைக்கிறது கஷ்டம். அண்ணனுக்கு இதுமேல ஒரே ஆசை. ரெண்டு வாரம் வச்சிருந்து பார்த்துட்டுத் தர்றேன்னு வாங்கினாரு. கடையில மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் போயிடுச்சு, அதான் விக்கலாம்னு கேட்டேன். காலையிலேயே அனுப்பிட்டாரு. ஃபோன்ல ஒரு தடவை சரின்னு அழுத்தினாத்தான் எங்கிட்ட வந்து சேரும். டீ குடிச்சிட்டு அழுத்தறேன்னாரு." நிறுத்தினாள். "விட்டுடுங்கம்மா. சத்தியமா எனக்கு அது வேணாம்."

வாசலில் சித்தப்பா ஹார்ன் அடித்தார்.

அப்பாவின் ஃபோன் அவளிடம்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தாள். காரில் போகும்போது உறையைப் பிரித்துத் திறந்து பார்த்தாள். விரல் வைக்கச் சொன்னது. இல்லையென்றால் ஆறு இலக்க எண் கேட்டது. அம்மாவின் பிறந்தநாளைப் போட்டாள். தன்னுடையதைப் போட்டாள். இரண்டும் தப்பு. பக்கத்தில் சித்தப்பா யாரிடமோ, "நேத்து ராத்திரிகூடப் பேசினேனே," என்றார். எதைச் செய்யப் போகிறோம் என்பது அவளுக்கு வழியில் ஒரு சிக்னலில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை. அன்றைக்குச் செய்து முடிக்கக்கூடிய காரியம் என்று அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

சான்றிதழுக்குச் சித்தப்பா வரிசையில் நின்றார். பிண அறைக்குப் போகும் நடைவழியில் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். செருப்பு இடம் வலம் மாறிக் கிடந்தது. அண்ணன் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டான் என்று மகள் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள்.

"நான் ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்மா."

அறைக் காவலர் கதவைத் திறந்துவிட்டு, பெட்டியை இழுத்து, துணியை மார்புவரை விலக்கினார். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பேச வந்ததை யாரோ குறுக்கே வெட்டினது போல. மகள் துணிக்குள் கைவிட்டு அவருடைய வலது கையை எடுத்தாள். அந்தக் கனத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பிடித்து ஃபோனில் வைத்து அழுத்தினாள்.

ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. மீண்டும் முயற்சிக்கவும்.

வாயருகே கொண்டுபோய் ஊதினாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி அதிர்ந்தது.

"அது ஏத்துக்காதும்மா," என்றார் காவலர். அவர் குரலில் கோபமோ ஆச்சரியமோ இல்லை. "நிறைய பேரு வந்து வச்சுப் பார்த்தாச்சு. உசிரு இருக்கிற விரலத்தான் அது கேக்கும்."

அவள் கூசிப்போனாள். அந்த நிறையப் பேரில் தானும் ஒருத்தி. விரலை விட மனம் வராமல் விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலின் நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, சுழி இல்லை. ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நடுவிரலை. மறு கையை எடுத்து ஐந்தையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். பத்திலும் ஒன்றுமே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கை அவளைத் தூக்கியிருக்கிறது, சாலை கடக்க வைத்திருக்கிறது, காய்ச்சல் பார்த்திருக்கிறது. ஒரு நாளும் அவள் இதைப் பார்த்ததில்லை.

"போதும்மா," என்றார் காவலர்.

வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள இவ்வளவு நேரம் என்னடி பண்ணினே?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். உண்மைதான் வந்தது. "அப்பா விரலை வச்சு ஃபோனைத் திறக்கப் பார்த்தேன்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அம்மா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ரேகை ஏதுடி," என்றாள் கடைசியில். "அந்தச் சக்கரம் எப்பவோ தின்னுடுச்சு. பட்டறையில விரல் வைக்கிற மிஷின் வந்தப்போகூட அவருக்கு மட்டும் நோட்டுலதான் கையெழுத்து. இந்த ஃபோன்லகூட உங்கண்ணன் விரல்தான் பதிஞ்சிருக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

அம்மா கையை நீட்டினாள். ஃபோனை வாங்கி, கண்ணாடி போடாமலே ஆறு எண்ணையும் தட்டினாள். திரை திறந்துகொண்டது. எண் என்ன என்று அவளும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை.

"எதுக்கு? அந்த மருந்துக்கடைப் பொண்ணு கத்திக்கா?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"காலையில எழுந்ததுமே சொன்னாரே, இன்னைக்குத் திருப்பிக் குடுத்துடணும்னு. முகம்கூடச் சுண்டிப் போச்சு. போனாப் போகுது, உங்களதா என்னன்னேன்." அம்மா துணிப்பையைக் காலடிக்கு நகர்த்திக்கொண்டாள். "அதான் நான் கடைசியா அவர்கிட்ட பேசினது."

மகள் எட்டித் தட்ட, ஃபோனில் அந்தக் கத்தி வந்தது. கீழே அனுப்பு, ரத்து என்று இரண்டு கட்டங்கள். மகள் விரலைக் கொண்டுபோனாள்.

"இரு," என்றாள் அம்மா.

ஃபோனைத் தூரமாகப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து, பார்வை படுகிற இடத்தில் நிறுத்தினாள். கத்தி சுழன்று சுழன்று வந்தது. சிவப்புப் பக்கம் வந்தது, வெறும் பக்கம் வந்தது. ஸ்ட்ரெச்சர் ஒன்று இரைச்சலோடு அவர்களைக் கடந்து போனது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல என்னத்தக் கண்டாரோ," என்றாள். "குடுத்துடு."

மகள் அழுத்தினாள். சின்ன வட்டம் ஒன்று கொஞ்ச நேரம் சுற்றியது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

ஃபோன் சிணுங்கியது. சார்ஜ் நான்கு சதவீதம்தான் இருக்கிறது என்றது. அம்மா காலடியில் இருந்த துணிப்பையைத் திறந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவசர அவசரமாக எடுத்து வைத்த பை அது. இரண்டு சட்டை, துண்டு, பல் விளக்கும் பிரஷ், தண்ணீர் பாட்டில். அடியில் கைவிட்டுத் துழாவிச் சார்ஜரை எடுத்தாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் ப்ளக் இல்லை. எழுந்து நடைவழியைக் கடந்து எதிர்ச் சுவருக்குப் போனாள். இருந்த ஒரே ப்ளக் தோள் உயரத்தில் இருந்தது, ஒயரோ குட்டை. ஃபோனை வைக்க ஒரு திட்டும் இல்லை. சுவரைப் பார்த்தபடி, மாறிப் போட்ட செருப்போடு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள்.