மேட்டுக் கான்

அந்த வாரம் ரபாயேல் கங்காணிக்கு ராஜமரியாதை. ரத்தோட்டைக்கு மேலே, பீங்கான் செய்யப் போகும் வெள்ளைக்கல் வெட்டுகிற குழியில், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போயிருந்த நேரம் மேட்டுச் சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்தோனியார் காப்பாற்றினார் என்றார்கள். மேட்டில் அவர் சொரூபத்துக்குக் குகைபோல் கெபி கட்டியது யார்? ரபாயேல். பிறகு கேட்பானேன், போகிற வீட்டிலெல்லாம் தேத்தண்ணி. ஒரு வீட்டிலும் அவன் கோப்பையைக் காலி செய்யவில்லை.

புதன்கிழமை மாத்தளையிலிருந்து ஜைனுதீன் இஞ்சினியர் வந்தார். விளிம்பில் வெடிப்பு ஓடியிருந்ததால் மேலே ஏறவில்லை. கீழே நின்றே நாடா பிடித்து அளந்தார், விழுந்த மண்ணைப் பிசைந்து பார்த்தார். சொதசொதவென்று இருந்தது.

"மேல மழைத்தண்ணிய ஒதுக்குற கான் சரியா இருக்கா, கங்காணி?"

"இருக்குங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது, பாவி வாய்.

"அப்ப அடியில ஊத்துத்தான். ஊத்துன்னா திருத்த ஏலாது. குழிய மூடத்தான் எழுதணும்."

சுற்றி நின்றவர்களின் முகம் செத்துப்போனது. நாற்பது குடும்பத்துக்கு அந்தக் குழிதான் சோறு. சரிவுக்கு நேர் அடியில் நின்று கல்லுடைக்கும் மாடசாமி அப்படியே குந்திவிட்டான்.

ரபாயேல் மேட்டைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரியோடு கெபிக்கு ஏறும் பெண்கள் அந்தக் கான் பள்ளத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். அவன் மனைவி அஞ்சலாவும் ஒருநாள் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். ஜூன் திருவிழாவுக்கு முதல்நாள், நல்லது செய்கிறோம் என்றுதான், அவனே கானில் மண் கொட்டி மட்டமாக்கினான்.

"ஐயா, ஊத்து இல்லீங்க. கான் இல்ல. நாந்தான் மூடுனேன்."

ஜைனுதீன் நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "வேலைநாளா இருந்திருந்தா?"

"முப்பது பேரு அடியில நின்னிருப்பாங்க." சொல்லிவிட்டு அழுதான்.

"கங்காணி வேல இனி நிக்காது."

"தெரியுங்க. குழி நிக்கட்டும்."

குழி நின்றது. சரிவை மூன்று படியாக வெட்டிச் சாய்த்தார்கள். மேலே கல் பதித்துப் புதுக் கான் போட்டார்கள். ரபாயேலும் கூலியாளாக மண்வெட்டி பிடித்தான். இரண்டு மாதம் ஒருவரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவார்களா என்ன?

வேலை முடிந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மாடசாமி வந்து வாசலில் நனைந்தபடி நின்றான்.

"உங்க மேல எனக்குக் கோவம் தீரலீங்க. ஆனா நாளைக்கு அடியில நிக்கப்போறவன் நானு. மேல கான் சரியா இருக்கா? நீங்க சொன்னா நிக்கிறேன்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒருவன் தன் வார்த்தையைக் கேட்டு வந்திருக்கிறான் என்பது ரபாயேலுக்குப் புரிந்தது. ஆனாலும் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. மூலையில் கிடந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டான்.

"இருங்க, ஏறிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று மழையில் இறங்கி நடந்தான்.