முட்டிவலி என்றுதான் நினைத்தார்கள்

மாஸ்க்கின் பட்டை அண்ணியின் காதை அறுத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் பஞ்சை மடித்து அதன் அடியில் செருகிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து அவளை வெளியே கூப்பிட்டார்.

"ஆக்சிஜன் இதுக்கு மேல ஏத்த முடியாது. தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கலாம். ஆனா நுரையீரல் முழுக்கத் தழும்பாயிடுச்சு. வெச்சா திரும்ப எடுக்க முடியும்னு என்னால சொல்ல முடியாது. சீக்கிரம் முடிவு சொல்லுங்க."

"அண்ணன் லாரில வந்துட்டிருக்கார்."

டாக்டர் தலையசைத்தார். காத்திருக்க நேரமில்லை என்பது அந்த அசைப்பிலேயே தெரிந்தது.

அண்ணிக்கு முடக்குவாதம் வந்தது கல்யாணமான மறுவருஷம். "உங்கண்ணன் கையப் பிடிச்ச ராசி" என்று சிரிப்பாள். விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணின. அதற்குப் பிறகு தலை பின்னுவது, கொக்கி மாட்டுவது எல்லாம் நாத்தனார் கைதான். லாண்டரியில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வந்து வீட்டிலும் அதிகாரம் செய்வதால் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் மேஸ்திரி.

வறட்டு இருமல் வந்தபோது தூசி என்றார்கள். படியில் பாதியிலேயே அண்ணி உட்கார்ந்தபோது முட்டிவலி என்றார்கள். அண்ணியும் அப்படித்தான் நினைத்தாள். மூட்டைத் தின்கிற நோய் மூச்சையும் தின்னும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் பாதிக்கு மேல் போயிருந்தது.

போனில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அண்ணன் கத்தினான். "போடச் சொல்லு. யோசிக்காத. உயிரோட இருந்தா போதும், நான் வந்துடுறேன்."

அவள் உள்ளே போனாள்.

"என்னங்கிறார்?" என்றாள் அண்ணி.

"குழாய் போடச் சொல்றார்."

"அவருக்கென்ன..." மூச்சு வர நேரமாயிற்று. "தொண்டை என்னோடதாச்சே."

நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணி கோணல் விரல்களால் அவள் மணிக்கட்டைத் தொட்டாள்.

"வேணாம் மேஸ்திரி. சொல்லிடு. ஆனா நான் சொன்னேன்னு... அவர்கிட்ட சொல்லாத."

"ஏன் அண்ணி?"

"என்மேல கோவிச்சா... யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவார்? உன்மேலன்னா, கத்தித் தீர்த்துக்குவார்."

டாக்டர் வந்து அண்ணியிடம் நேராகவும் ஒருமுறை கேட்டார். அண்ணி தலையை இடவலமாக அசைத்தாள். மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க ஊசி போட்டார்கள். அண்ணி தூங்கினாள். மதியச் சாப்பாட்டு வண்டி வார்டைக் கடந்து போன சற்று நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றி, விரிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். விரிப்பில் இஸ்திரி சரியில்லை. மடிப்பு இரட்டையாக விழுந்திருந்தது. முதல் மடிப்பின் மேல் தண்ணீர் தெளிக்காமல் இரண்டாவது தடவை தேய்த்திருக்கிறார்கள். நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. வருமென்று சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள்.

அண்ணன் ஓடிவந்தான். சட்டையெல்லாம் வியர்வை. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"குழாய் போட்டாங்களா?"

"இல்ல."

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அப்புறம் யாரு வேணாம்னது?"

"நான்தான்."

வழியில் நிற்கும் யாரோ ஒருத்தியைப்போல அவன் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்தார். "கேட்ல லாரிய நிறுத்தினது யாரும்மா? ஆம்புலன்ஸ் உள்ள வரணும்."

சாத்திய கதவை அவள் ஒருமுறை பார்த்தாள். "எங்களுதுதான்" என்று அவருக்குப் பின்னால் நடந்தாள்.

லாரியின் கதவு திறந்தே கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. இருந்தாலும் ஏறி உட்கார்ந்தாள். எதையாவது செய்ய வேண்டும்போலிருந்தது. கைக்கெட்டிய ஒரு விசையைத் திருப்பினாள்.

வைப்பர் ஓடத் தொடங்கியது. நல்ல வெயிலில், காய்ந்த கண்ணாடியின் மேல், கிறீச்சிட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும்.