ஆடும் முன்பல்

முதலில் ஆடியது பல் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. கிளாரினெட்டின் ஊதுவாய்தான் கழன்று வருகிறது என்று நினைத்தாள். உச்சத்தில் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மேலுதட்டுக்குப் பின்னால் ஏதோ மெல்ல நகர்ந்தது. நிறுத்திவிட்டு வாத்தியத்தைத் திருகிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு நாக்கு நுனியால் முன்பல்லைத் தள்ளிப் பார்த்தாள். அது போய்விட்டு வந்தது.

காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கிளாரினெட் சொல்லிக்கொடுப்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். மாலையில் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் வாசித்தாள். ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், நான்கும் மேல்நாட்டு ஊதுவாத்தியங்கள், அவ்வளவுதான். ஓட்டல் வரவேற்பறைகளிலும் கல்லூரி விழாக்களிலும், சாப்பிடுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் நடுவில் பல வருஷம் வாசித்த குழு அது. இப்போதுதான் முதல் தடவையாக வெளிநாட்டில் மூன்று ஊர்களில் கச்சேரி அமைந்திருந்தது. கிளம்ப ஒரு மாதம்கூட இல்லை.

டீச்சரின் கொழுந்தன் பல் டாக்டர். கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்து உள்ளே போனாள். அவன் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட பல். அதற்கு மேலே உறை போட்டிருந்தது. இப்போது வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறது என்றான். எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தால் புண் ஆறி, வேறு பல் வைத்து, அது நிலைக்கப் பல மாதம் ஆகும். எடுக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் கையோடு வந்துவிடும்.

கிளாரினெட் வாசிக்கிறவர்களுக்கு மேல் முன்பற்கள்தான் அஸ்திவாரம். அவைதான் ஊதுவாயின் மேல் ஊன்றிக்கொண்டு நிற்கும். கீழே உதடு தாங்கும், மேலே பல் பிடிக்கும். அவள் அதை விளக்கிச் சொன்னபோது கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அப்போ ஊதாம இருங்க அண்ணி. வேற என்ன சொல்ல?”

“அதைத் தவிர வேற ஏதாவது சொல்லு தம்பி.”

அண்ணனிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவன் சரி என்றான், ஆனால் தன் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதே என்று கவலைப்பட்டான். அப்படியானால் ஒரு மாதத்துக்கு வீட்டுப் பக்கம் வராதே என்றாள் அவள்.

மறைக்க ஒரு காரணம் இருந்தது. வீட்டில் தெரிந்தால் குழுவுக்கும் தெரிந்துவிடும். குழுவை நடத்துகிற ஓபோக்காரியைக் கேப்டன் என்பார்கள். படித்த காலத்திலிருந்து டீச்சருக்குத் தோழி. நட்பு நட்பாக இருக்கும், வாசிப்பு என்று வந்துவிட்டால் சொந்த அக்காவையும் விடமாட்டாள். அழைப்பு வந்த அன்றே நான்கு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்: யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஆள் பார்த்து வைத்திருக்கிறேன். கிளாரினெட்டுக்குப் பார்த்து வைத்திருந்த ஆளை டீச்சருக்குத் தெரியும். பெரிய வாத்தியக் குழுவில் வாசிப்பவன், எதைக் கொடுத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பான், எல்லாப் பல்லும் உறுதியாக இருக்கும்.

ஒத்திகை நடந்தது ஒரு நர்ஸிங் கல்லூரியின் மாடி வகுப்பறையில். சாயங்காலம் காலியாகக் கிடக்கும், எதிரொலியும் அதிகம் இருக்காது. மூலையில் பாடம் நடத்துவதற்கான பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று கம்பியில் தொங்கும். பசூன்காரர் அதற்குத் தினமும் வணக்கம் வைப்பார். நம் கச்சேரியை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்ட ஒரே ரசிகர் என்பார். டீச்சர் இத்தனை நாள் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது அது முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

சுருதி சேர்க்கும்போது அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு நன்றாகப் பிடித்துவிடுவாள். ஒரு ஸ்வரம்தானே. வாசிக்க ஆரம்பித்தபிறகுதான் வம்பு. பல் வலிக்க வலிக்கப் பிடி தளரும். பிடி தளர்ந்தால் சுருதி இறங்கும். அவளோடு சேர்ந்து அதே ஸ்வரத்தை வாசிப்பது ஃப்ளூட். இவள் இறங்கினால் கேட்கிறவர் காதுக்கு ஃப்ளூட் ஏறினதுபோலத்தான் தோன்றும்.

கேப்டன் வாசித்துக்கொண்டே புருவத்தைத் தூக்கினாள். பிறகு நிறுத்தினாள்.

“தங்கச்சி, கொஞ்சம் இறக்கு.”

ஃப்ளூட் வாசிக்கிற பெண் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள், வயதிலும் சின்னவள். அதனால் எல்லோருக்கும் தங்கச்சி. பகலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யாராவது தன் காலை மிதித்துவிட்டால் தானே மன்னிப்புக் கேட்கிற சுபாவம். சரி அக்கா என்று குழலின் தலைப்பகுதியைச் சற்று வெளியே இழுத்துச் சுருதியை இறக்கிக்கொண்டாள். மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தம், அதே வார்த்தை. அதற்கடுத்த நாளும்.

ஒவ்வொரு தடவையும் டீச்சர் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறந்தால் பல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாளைக்குச் சரியாகப் பிடித்துவிட்டால் போதும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எந்தச் சக்கரம் முனகுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். மனைவி ஒரு பக்கமாக மெல்லுவதும், ரொட்டியைப் பாலில் ஊறவைப்பதும் அவர் கண்ணிலிருந்து தப்பவில்லை. என்ன என்று கேட்டார். வாய்ப்புண் என்றாள். அவர் மேலே கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து எல்லாவற்றையும் குழைய வேகவைத்துப் போட்டார். அது அவளுக்கு இன்னும் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் வந்தவள், வாசலிலேயே மன்னிப்புக் கேட்டாள். உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சுற்றி வளைத்து ஏதேதோ பேசினாள். டீச்சர் தேநீர் கொண்டுவந்து வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“நான் விலகிக்கலாம்னு இருக்கேன் அக்கா. கேப்டன்கிட்ட சொல்ல பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் சொல்றீங்களா?”

டீச்சர் தேநீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஏன் என்று கேட்டாள், தெரியாததுபோல.

தனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று அவள் நினைத்திருக்கிறாள். இறக்கு என்றால் இறக்குகிறாள்; மறுநாள் திரும்பவும் ஏறியிருக்கிறது என்கிறார்கள். வீட்டில் தனியாக வாசித்தால் சரியாக இருக்கிறது, ஒத்திகையில் தவறுகிறது. பயந்துபோய்க் காது டாக்டரிடம் போயிருக்கிறாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காது நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் கோளாறு மண்டைக்குள்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். ராத்திரி தூக்கமில்லை, வேலையில் இரண்டு முறை ரத்தக் குப்பியை மாற்றி வைத்துவிட்டாளாம். வெளிநாட்டுக்குப் போய் எல்லோர் மானத்தையும் வாங்குவதைவிட இப்போதே ஒதுங்குவது நல்லது என்றாள்.

அவள் சொல்லி முடித்த பிறகும் டீச்சரால் தலை நிமிர முடியவில்லை. சரி, நானே கேப்டனிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடலாம். இன்னும் இரண்டு நாள் கிடைக்கும். அந்த எண்ணம் வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“உன் காதுல ஒண்ணுமில்ல. இறங்கினது நான்” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள், விரலால் ஆட்டியும் காட்டினாள். தங்கச்சி நிம்மதியாக மூச்சு விடுவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. பல்லைப் பார்த்தாள், பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு முதல் தடவை அவங்க என்னைச் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தங்கச்சி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். தேநீரைத் தொடவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், நான் போட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் ஒத்திகையில் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே டீச்சர் நின்றுகொண்டு சொன்னாள். பசூன்காரர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, கேப்டன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். கேப்டன் எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. மாற்றாகப் பார்த்து வைத்திருந்த அந்தக் கிளாரினெட் பையனுக்குத்தான் போன் செய்கிறாள் என்று டீச்சர் நினைத்தாள்.

திரும்பி வந்தவள் நேராகத் தங்கச்சியிடம் போனாள். என் காது தப்பாகக் கேட்டுவிட்டது, உன்னைச் சொன்னதும் தப்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதன் பிறகுதான் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“நாங்க ஓபோக்காரங்க பல்லால பிடிக்கறதே இல்ல. மேலயும் உதடு, கீழயும் உதடு. நீயும் அப்படி ஊதிப் பாரு.”

மேலுதட்டை மடித்துப் பல்லுக்கும் ஊதுவாய்க்கும் நடுவே மெத்தைபோல் வைத்து டீச்சர் ஊதினாள். வந்தது சங்கீதம் இல்லை. வாத்து மிதிபட்டதுபோல் ஒரு சத்தம். யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், இல்லாவிட்டால் அந்தப் பையனைக் கூப்பிடுவேன் என்றாள் கேப்டன். கோபம் குரலில் இல்லை, அதனால்தான் பயமாக இருந்தது.

அந்த வாரம் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொன்னாள். கணவரிடமும் உண்மையைச் சொன்னாள். அவருக்குத் தன்னிடம் மறைத்ததைவிடத் தம்பியிடம் மட்டும் சொன்னதுதான் உறைத்தது. ஆனாலும் குழைந்த சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். கொழுந்தன் ஆடும் பல்லைப் பின்பக்கமாக மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினான். இது உத்தரவாதம் இல்லை அண்ணி என்று மூன்று தடவை சொன்னான்.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதினாள். சிறிது நேரத்திலேயே மேலுதட்டின் உட்புறம் பற்கள் பதிந்து ரத்தம் கசியும். நிறுத்தி, உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, திரும்ப ஊதினாள். இத்தனை வருஷம் பிள்ளைகளிடம் அவசரப்படாதே என்று சொன்னது எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டாள். கீழ் ஸ்வரங்கள் முதலில் வசப்பட்டன. மேலே போனால் உடைந்தன. வியாழக்கிழமை கணவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வேறு யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். தெரியவில்லை, ஆனால் கேட்க முடிகிறது என்றார்.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் நிகழ்ச்சியை முதலிலிருந்து வாசித்தார்கள். இரண்டு இடங்களில் டீச்சரின் ஸ்வரம் உடைந்தது. நீளமான கடைசி உருப்படியின் பாதியில் கேப்டன் கையைத் தூக்கினாள்.

“போதும்.”

எதற்குப் போதும் என்று யாருக்கும் புரியவில்லை. டீச்சர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கேப்டன் அந்தக் கடைசி உருப்படியின் தாள்களைச் சேர்த்துப் பைக்குள் வைத்தாள். இது வேண்டாம், பதிலாகச் சின்னதாக ஒன்று பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு, அங்கே குளிர் அதிகம், எல்லோரும் கனமான கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். டீச்சரையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் பிறகும் நிம்மதி வரவில்லை. விமானத்திலும் நாக்கு பல்லையே தடவிக்கொண்டிருந்தது.

முதல் ஊரில் கச்சேரி நடந்தது. வாசிப்பு பிசகவில்லை; பிரமாதம் என்றும் சொல்ல முடியாது. கைதட்டினார்கள். பசூன்காரர் குனிந்து வணங்கும்போது ஒரு பொத்தானைப் பறிகொடுத்தார், அதைத் தேடியதில் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள், ஆனால் டீச்சர் பக்கம் பார்த்து அல்ல. வேலை சம்பந்தமாகத் தவிர அவள் டீச்சரிடம் பேசுவதே இல்லை.

அடுத்த நாள் காலை ஓட்டலில், வெந்த முட்டையைக் கடிக்கும்போது பல் கம்பியோடு கழன்று தட்டில் விழுந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ ராத்திரி பயந்தது இதற்குத்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, கேப்டனின் மேஜைக்குப் போய் நேராகச் சொன்னாள். கேப்டன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சாயங்காலம் வாசித்துப் பார், முடியாவிட்டால் மூன்று பேராக வாசிக்கிறோம் என்றாள்.

இரண்டாவது ஊருக்கு ரயிலில் போனார்கள். டீச்சர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெறும் உதட்டை மடித்து மடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவெளியில் காற்று கசிந்தது. உதட்டை எந்தப் பக்கம் இழுத்தால் அடைபடும் என்று தேடினாள். பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தங்கச்சி.

“வலிக்குதா?” என்று கேட்டாள் தங்கச்சி.

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. “ரொம்ப வலிக்குது” என்றாள் டீச்சர்.

தங்கச்சி தலையை ஆட்டினாள். கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஃப்ளூட் பெட்டியை மடியில் வைத்து, இன்றைக்கு எந்தெந்த இடம் கஷ்டமாக இருக்கும், அங்கெல்லாம் தான் எப்படி வாசித்தால் உதவியாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். குரலில் பழைய நெருக்கம் இன்னும் வரவில்லை. டீச்சர் பஞ்சைக் கடித்துக்கொண்டு, குழறியபடி, இடம் இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.