கருவாயன் கற்றுக்கொண்டது

இந்த வீட்டில் என் சொல்லுக்குக் கட்டுப்படுகிற ஜீவன் இது ஒன்றுதான். இதற்கு நான் என்ன சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறேன்?

விஜயலட்சுமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாட்டுக் கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த நாய் கருவாயனுக்கு எதிரில் குந்தியிருந்தாள். முந்தாநாள் காலையில் வேலைக்காரன் மாயவனின் கையைக் கிழித்த வாய் அது. அதன் முகத்தில் தப்புச் செய்த சாயல் கொஞ்சமும் இல்லை. வேலையை ஒழுங்காக முடித்தும் ஏன் இன்னும் தட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்பதுபோல வாலை ஆட்டியது.

அவளுடைய கணவன் அன்புச்செல்வன் அதை வெள்ளிமலையிலிருந்து கொண்டுவந்தான். சாமைக் கொல்லையில் பன்றி விரட்டும் நாய் ஈன்ற குட்டி. செம்மண் நிறம், வாய் மட்டும் கரி பூசினாற்போல் இருக்கும். அவன் பி.எஸ்ஸி. முடித்தவன். போன இண்டர்வியூக்களிலிருந்தெல்லாம் வெறுங்கையோடு திரும்பி, அப்பாவின் கரும்புத் தோட்டத்தில் மோட்டார் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தான். அந்த வருஷம் அவனை எழுந்து நடமாட வைத்தவை இரண்டு. ஒன்று, தங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஊரூராகக் கூடிய கூட்டங்கள். இன்னொன்று இந்த நாய்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கக் களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கமணி என்பவர் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் வீட்டுப் பொமரேனியன் வரும். உளுந்தூர்பேட்டை லாரிக்காரரின் அல்சேஷன் வரும். குறுக்குக் கம்பைத் தாண்டுவது, தார் டிரம்முக்குள் புகுந்து மறுபக்கம் வருவது, ஒற்றைப் பலகைமேல் நடப்பது என்று பொங்கலுக்கு அப்புறம் சேலத்தில் நடக்கப்போகும் போட்டிக்கு எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தன.

முதல் ஞாயிறு கருவாயன் அன்புச்செல்வனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பின் அடியில் மூத்திரம் பெய்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"வூட்ல இதுக்கு சோறு யாரு வெக்கிறது?" என்று தங்கமணி கேட்டார்.

"எம் பொண்டாட்டிதாங்க."

"அப்ப அவங்கள இட்டுக்கினு வா. சோறு போடறவங்க பேச்சத்தான் நாயி கேக்கும். உங்க வூட்ல நீ கேக்கல?"

எல்லோரும் சிரித்தார்களாம். அதை அவனே வந்து சொன்னான். அடுத்த வாரம் டிராக்டர் டிரெய்லரில் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவளும் போனாள்.

அந்தக் களத்தில் இருந்த ஒரே பெண் அவள்தான். "சத்தமா சொல்லும்மா, கொழந்தய தாலாட்டற மாதிரி சொன்னா எப்பிடி?" என்று தங்கமணி அதட்டினார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் "தாண்டு" என்றாள். நாய் தாண்டியது. மாமனார் நாராயணசாமியின் எதிரில் அவள் குரல் அடுப்படி வாசலைத் தாண்டியதில்லை. இங்கே அது ஆண்கள் மத்தியில் களத்தின் மறுகோடி வரை போய், அங்கே ஓர் உடம்பை எகிற வைத்தது. அன்று ராத்திரி படுத்தபிறகும் அந்தச் சொல் நாக்கில் இனித்துக்கொண்டே கிடந்தது. அந்த இனிப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கேகூட நேராகச் சொல்லிக்கொண்டதில்லை.

போட்டியில் முக்கியமானது கடைசி ஆட்டம். ஓர் ஆள் கையில் கனத்த சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். 'பிடி' என்றால் நாய் பாய்ந்து சாக்கைக் கவ்வ வேண்டும், 'விடு' என்றால் அந்த நொடியே விட வேண்டும்.

"மார்க்கு 'விடு'க்குத்தான்" என்றார் தங்கமணி. "புடிக்கிறது எந்தத் தெருநாயும் புடிக்கும். வூட்ல தெனம் பழக்குங்க. ஆனா ஆள மாத்துங்க. ஒரு நாளு நீ கட்டிக்கோ, ஒரு நாளு உன் தம்பி கட்டட்டும். ஒரே தினுசு ஆளா வுட்டா நாயி திருடன கத்துக்காது, அந்த ஆளுங்களத்தான் கத்துக்கும்."

அன்புச்செல்வன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஊருக்கு வந்து அவன் சித்தப்பா மகன் சின்னக்கண்ணுவிடம் சாக்கை நீட்டியபோது அவன் இரண்டடி பின்னால் போனான்.

"நாய் வாயில கைய குடுத்துக்கினு ஓடறதுக்கு நான் இன்னா காலனிக்காரனாண்ணே?"

அன்புச்செல்வனும் அந்தச் சாக்கைத் தன் கையில் கட்டிப் பார்க்கவில்லை. காலனியிலிருந்து வேலைக்கு வரும் மாயவன் ஒரு நாள் கட்டினான், அவனோடு வரும் பாவாடை என்பவன் ஒரு நாள் கட்டினான், அவர்கள் இல்லாத நாளில் வேறு யாராவது. தங்கமணி சொன்னபடி ஆளை மாற்றிவிட்டதாகவே அன்புச்செல்வன் நினைத்துக்கொண்டான். அவர்கள் எல்லோருமே கிழக்கே ஏரிப்பக்கமிருந்து வருவார்கள். வீட்டுக் களத்து ஓரத்தில் நின்று, தோள் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை காத்திருப்பார்கள். கூப்பிட்டதும் சாக்கு. அப்புறம் அவள் குரல்.

ஒருமுறை நாய் மோதிய வேகத்தில் மாயவன் சாணிக் குழியில் போய் விழுந்தான். எழுந்து, "இன்னாம்மா, உங்க புள்ள என்னிய எருவாக்கிடும் போலக்கீது" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள்.

புரட்டாசி பிறந்த வாரத்தில் இடஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரத்துப் புளிய மரங்கள் வெட்டப்பட்டு ரோட்டின் குறுக்கே விழுந்தன. தார் ரோட்டை மண்வெட்டியால் வெட்டிப் பள்ளம் போட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. சங்கராபுரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். மூன்றாம் நாள் விடியலில் போலீஸ் ரோட்டை விட்டுவிட்டு ஏரிக்கரை மேலாக ஊருக்குள் வந்தது. பிடித்துக்கொண்டு போனவர்களில் அன்புச்செல்வனின் கூடப்பிறந்த தம்பியும் ஒருவன். அவனைத் தரதரவென்று இழுத்துப் போனபோது அவன் வலது முட்டி தப்பான பக்கம் மடங்கியிருந்தது. கரை வழியை யார் காட்டியிருப்பார்கள் என்ற பேச்சு சாயந்தரத்துக்குள் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. கரைக்கு அந்தக் கோடியில் காலனி இருந்தது. அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

மறுநாள் காலனியிலிருந்து யாரும் வேலைக்கு வரவில்லை. மாயவன் மட்டும் வந்தான். கன்று ஈனப்போகிற பசு ஒன்று இருந்தது. அதைப் பார்க்க வந்திருப்பான். வழக்கம்போலக் களத்து ஓரத்தில் நின்றான். துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு "அம்மா" என்று குரல் கொடுத்தான். அவிழ்த்துவிட்டிருந்த கருவாயன் பாய்ந்தது.

அவள் 'பிடி' சொல்லவில்லை. இரண்டு நாளாக அவள் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் 'விடு' என்று சொல்ல வாயைத் திறந்தபோது முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவைதான் குரல் வந்தது. நாய் உடனே விட்டது. முழு மார்க்கு வாங்கும்படி விட்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் போனதுதான் மாயவனின் கை.

இப்போது, தூணடியில் கருவாயன் திடீரென்று எழுந்து நின்றது. பிடரி மயிர் சிலிர்த்தது, தொண்டையில் உறுமல் புறப்பட்டது. விஜயலட்சுமி திரும்பிப் பார்த்தாள். மாயவனின் மனைவி தைலம்மாள் களத்து ஓரத்தில் நின்றிருந்தாள்.

"கிட்ட வா தைலம்மா. அங்க நிக்காத."

"வேணாம்மா. இங்கியே நிக்கிறேன்."

"நிக்காதன்றேன். நேரா நடந்து வா, அது ஒண்ணும் பண்ணாது."

"எப்பவும் நிக்கிற எடத்துலதாம்மா நிக்கிறேன்."

சற்றுமுன் சின்னக்கண்ணு விறுவிறுவென்று களத்தின் நடுவாக நடந்து வீட்டுக்குள் போயிருந்தான். அப்போது நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. தபால்காரரைப் பார்த்து அது குரைத்ததில்லை. எங்கிருந்தோ வரும் சொந்தக்காரர்களைப் பார்த்து உறுமியதில்லை. இது திருடனைக் கற்கவில்லை. மாயவனைக்கூடக் கற்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, கைகட்டி, கூப்பிடுவதற்காகக் காத்து நிற்பவர்கள்தான் கடிக்க வேண்டியவர்கள் என்று கற்றிருக்கிறது. அவர்களை அங்கே நிற்க வைத்தது யார் என்பதை நாய் எங்கே கண்டது?

"கை எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"உப்பிப் பூடுச்சிம்மா. முழங்கைக்கி மேல கருத்துக்கினு வருது. மஞ்சளு வெச்சிப் பாத்தோம், கேக்கல. ராவெல்லாம் ஜன்னி கண்டாப்பல பேசறாரு. 'இன்னும் சாக்கு கட்டல, சாக்கு கட்டல'ன்றாரு."

விஜயலட்சுமியின் பார்வை கொட்டகை மூலையில் கிடந்த சாக்குக்குப் போனது.

"கட்டில்ல வெச்சித் தூக்கிக்கினு போறோம். ரோட்டு வழியா வுட மாட்டாங்க. ஏரிக்கரை மேல போயி அந்தாண்ட ரோட்டப் புடிச்சிட்டா பெரியாஸ்பத்திரி வண்டி நிக்குதாம். பொழுது சாயறதுக்குள்ள போயிடணும். நாயக் கட்டி வையிங்கம்மா. அத்தக் கேக்கத்தான் வந்தேன்."

"கட்டித்தான இருக்குது."

"இப்ப கட்டித்தாம்மா இருக்குது" என்றாள் தைலம்மாள். குரலில் கோபம் இல்லை. அதைவிடப் பழையதாக ஏதோ இருந்தது. முதுகைக் காட்டாமல் நாலைந்து அடி பின்னாலேயே நடந்து, அப்புறம்தான் திரும்பிப் போனாள்.

அவள் மறைந்து கொஞ்ச நேரத்தில் அன்புச்செல்வனும் சின்னக்கண்ணுவும் வீட்டுக்குள்ளிருந்து கொட்டகைக்கு வந்தார்கள். அன்புச்செல்வன் இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. தம்பியைக் கொண்டுபோன நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"மூஞ்சக் கழுவிக்கினு கெளம்பு விஜயா. ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"எதுக்குங்க?"

"கட்டிலத் தூக்கிக்கினு கரை மேல வரானுங்களாம். இனிமே அந்தக் கரையில ஒருத்தன் நடக்கக் கூடாதுன்னு ஊரே பேசியாச்சி. இன்னைக்கி வுட்டா நாளைக்கி அதே வழியில வண்டி வண்டியா போலீசு வருவான்."

"கட்டில்ல கெடக்கிறது மாயவங்க."

"தெரியும்" என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

சின்னக்கண்ணு நாயைப் பார்த்துச் சிரித்தான். "நம்ம நாயி பெரிய ஆளு அண்ணி. போலீசு நாய்க்குக்கூட இந்த அறிவு கெடையாது. மோப்பத்துலியே ஆளப் பிரிக்கிது பாருங்க."

"மோப்பம் இல்ல தம்பி. ஓரமா நிக்கிறவங்களத்தான் அதுக்குத் தெரியிது."

"ஓரமா நிக்கிறவன் யாரு அண்ணி? அவனுங்கதான?"

விளக்கிப் பயன் இல்லை என்பது அவன் சிரிப்பிலேயே அவளுக்குத் தெரிந்தது.

"கடிக்க வுட வேணாம்" என்றான் அன்புச்செல்வன், தணிந்த குரலில். "சங்கிலியப் புடிச்சிக்கினு சும்மா நில்லு. கிட்ட வந்தானுங்கன்னா ஒரு வார்த்த சொல்லு, அது எகிறட்டும். பயந்துக்கினு திரும்பிடுவானுங்க."

"திரும்பினா கை போயிடும். ஆளே போயிடும்."

"என் தம்பி கால ஒடச்சி இட்டுக்கினு பூட்டாங்க. எந்த ஜெயில்ல கீறான்னுகூடத் தெரியல. அவனுக்காவ கேக்கறதுக்கு யாரு கீறாங்க?"

அவனுடைய கண்கள் சிவந்திருந்தன. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே அவளைப் பயமுறுத்தியது. இந்த இரக்கத்தைப் பிடித்துக்கொண்டே கரைவரை நடந்துவிட முடியும். அங்கே போய் நின்றுவிட்டால் அப்புறம் ஆக வேண்டியதற்கு வாய் மட்டும் போதும். அது பழகிய வாய்.

அவள் எழுந்திருக்காததைப் பார்த்து அன்புச்செல்வன் தானே குனிந்து தூணிலிருந்து சங்கிலியைக் கழற்றினான். "வா" என்றான். கருவாயன் உட்கார்ந்துகொண்டது. "எந்திரி. வா." இழுத்தான். நாய் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தது. சின்னக்கண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

"சொல்லு விஜயா. ஒரு வார்த்ததான."

நாயின் காதுகள் முன்பக்கமாக நிமிர்ந்திருந்தன. உடம்பு முழுவதும் ஒரே ஓர் ஒலிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தின் ருசி அவளுக்குத் தெரியும். இப்போதும் அது நாக்கில் ஊறுவதை அவள் உணர்ந்தாள், அருவருப்போடு. இன்றைக்கு மறுத்தால் ரைஸ்மில் களத்தில் இனி கால் வைக்க முடியாது. நாளையிலிருந்து நாய்க்கு அவனே சோறு வைப்பான். கொஞ்ச நாளில் அது அவன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடும். அப்போது அவளால் எதையும் தடுக்க முடியாது. ஆனால் கட்டில் இன்றைக்குத்தான் கரை ஏறுகிறது.

"நான் வரலைங்க" என்றாள்.

"இன்னாது?"

அவள் எழுந்து அவன் கையிலிருந்து சங்கிலியை வாங்கினாள். அவள் இப்படிச் செய்வாள் என்று எதிர்பார்க்காததால் அவன் கை தானாகத் தளர்ந்தது. சங்கிலியைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியை மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"வரல. அந்த வார்த்தயச் சொல்லவும் மாட்டேன்" என்றாள், அடுப்படியில் பேசுகிற அதே குரலில்.