முழு வருகை

பெல்ட்டில் சோப்பு வந்துகொண்டே இருந்தது. எடுத்துத் தாளின் நடுவில் வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் மடிக்க வேண்டும், முனைகளை உள்ளே செருகிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். மற்ற ரகத்துக்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. விலை கூடின இந்த ஒரு ரகத்துக்கு மட்டும் இன்னும் கைமடிப்புதான். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லையே. மேசையின் இரண்டு பக்கமும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குடி வரச் சொல்லியிருக்கான் யுனிவர்சிட்டில?" என்று கேட்டாள் ராக்கெட்.

"பதினோரு மணிக்குக்கா."

"விடிஞ்சதும் போய் உக்காந்துக்கோ. அசந்தா வேற எவனாவது மூணாம் வருஷத்துல ஏறி உக்காந்துடுவான்."

"அது என்ன பஸ் சீட்டாக்கா, துண்டு போட்டுப் பிடிக்க?"

ராக்கெட் என்பது கை வேகத்துக்கு வைத்த பெயர். வருகிற வருஷம் ஓய்வு பெறப் போகிறாள், வேகம் மட்டும் குறைந்தபாடில்லை. எதிரே நின்றவளுக்குக் காலேஜ் என்று பெயர். நாற்பதைத் தாண்டிவிட்டாள், பெற்ற மகளே காலேஜுக்குப் போகிறாள், ஆனாலும் அந்தத் தொழிற்சாலையில் காலேஜ் என்று கூப்பிட்டால் இவள்தான் திரும்பிப் பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாயங்காலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்ததால் வந்த பெயர் அது. இரண்டு வருஷம் நல்ல மார்க்கோடு தேறினாள். மூன்றாம் வருஷத்துக்கு ஆள் சேரவில்லை என்று வகுப்பையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணம், குழந்தை, குடித்தனம். பாதிக் கிணறு தாண்டினவள் என்று யாராவது கேலி பண்ணினால் ராக்கெட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பாதியா? ரெண்டு பங்கு தாண்டியாச்சு, ஒரு பங்குதான் பாக்கி. கணக்குத் தெரியாம பேசாத."

அந்த ஒரு பங்குக்கு இப்போது வழி பிறந்திருந்தது. வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் தேறியவர்களை நேரே மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்கிறோம், மாலை வகுப்பு, வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. மகள்தான் போனில் பார்த்துவிட்டுக் கூவினாள்: "அம்மா, இது உனக்காகவே போட்ட மாதிரி இருக்கும்மா!"

வேலை பார்த்ததற்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வைத்தால் போதும் என்றுதான் போட்டிருந்தது. மற்றவர்களெல்லாம் அதோடு விட்டிருப்பார்கள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவள் என்று அவர்களுக்கும் தெரியட்டுமே! அந்த இரண்டு வருஷமும் முழு வருகைக்காகக் கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. டைம் ஆபீசுக்குப் போய் அந்த வருஷங்களின் வருகைப் பதிவை நாள் வாரியாக நகல் எடுத்து, முத்திரை வைத்து வாங்கி, கடிதத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் அது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

பல்கலைக்கழக வராந்தா முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. சுவரோரமாக நீளப் பெஞ்சு. மகள் வயதுப் பிள்ளைகள் காலை நீட்டிக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் நடுவில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். இங்கே பெஞ்சு உயரம். அந்தச் சாயங்காலக் கல்லூரியில் முழங்கால் நெஞ்சில் முட்டும்.

அதற்கு ஏது சொந்தக் கட்டடம்? சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைச் சாயங்காலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுவரெல்லாம் கலர் பென்சிலில் வரைந்த வீடும் சூரியனும். கரும்பலகையின் ஒரு மூலையில் வாய்ப்பாடு எழுதி, 'அழிக்காதே' என்று கட்டம் கட்டியிருக்கும். பொருளாதார வாத்தியார் மிச்ச இடத்தில் இடித்துக்கொண்டு எழுதுவார். அவரும் பகலில் ஒரு கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு வருகிறவர்தான். பஸ் டிரைவர், ஆஸ்பத்திரி ஊழியர், தையல்காரர், துணிக்கடைப் பெண்கள் எல்லோரும் அந்தக் குட்டிப் பெஞ்சுகளில் மடங்கி உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் மட்டும் பெஞ்சு போதாமல் காலை வராந்தாவில் நீட்டிக்கொள்வார். இவள் எத்தனை குளித்தாலும் சோப்பு வாசனை கூடவே வந்துவிடும். வாசலில் தலை தெரிந்ததும் வாத்தியார், "வாசனை வந்தாச்சு, பாடத்தை ஆரம்பிக்கலாம்" என்பார். வகுப்பே சிரிக்கும். அவளுக்கு வெட்கமாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். அப்படி ஒரு சிரிப்புக்கு நடுவில் போய் உட்கார்ந்த சுகம் அதற்கப்புறம் வாழ்க்கையில் கிடைக்கவே இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நல்ல மனிதராகத்தான் பேசினார்.

"மார்க்கெல்லாம் பிரமாதம்மா. எதுக்கு இத்தனை வருஷம் விட்டீங்க?"

"சந்தர்ப்பம் அமையல சார்."

"சரி. ஆனா ஒரு சிக்கல் இருக்கு." கண்ணாடி கீழே இறங்கியது. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது உங்க பரீட்சைத் தேதிங்க. எல்லாம் சாயங்காலம். இது உங்க ஃபேக்டரி வருகை. அதே நாள், அதே சாயங்காலம், நீங்க ரெண்டாம் ஷிஃப்ட்ல இருந்திருக்கீங்க. ஒரே ஆள் எப்படிம்மா ரெண்டு இடத்துல?"

யாராவது இரண்டையும் தேதி வைத்து ஒப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வகுப்பு நாட்களில் முதல் ஷிஃப்ட் கிடைத்துவிடும், பரீட்சை சமயத்தில் மட்டும் ரெண்டாம் ஷிஃப்ட் விழும். பரீட்சைக்கு லீவு கேட்டபோது அன்றைய சூப்பர்வைசர் சொன்னது நேற்றுச் சொன்னது போலக் காதில் விழுந்தது: "படிக்கிறதுன்னா வேலையை விட்டுட்டுப் படி." அழுதுகொண்டே மேசைக்குத் திரும்பியவளைப் பார்த்து ராக்கெட் சொன்னாள், "இதுக்குப் போய் மூக்கை உறிஞ்சறியே. உன் டோக்கனை இங்க குடு." தலையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டால் யார் யாரென்று யாருக்குத் தெரியும்? ராக்கெட் தன்னுடைய முதல் ஷிஃப்டை முடித்து, தன் எண் பொறித்த பித்தளை வருகை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, காலேஜுடைய டோக்கனை எடுத்துக்கொண்டு மறுபடி மேசைக்குப் போவாள். பரீட்சை நாளெல்லாம் இரண்டு ஷிஃப்ட். அந்தக் கூலியைக் கொண்டுபோய் நீட்டினால் கையைத் தட்டிவிடுவாள். "எனக்கு இது வேணாம். என்ன கேள்வி கேட்டான், நீ என்ன எழுதின, அதைச் சொல்லு." ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். மறுநாள் மேசையில் சோப்பை மடித்துக்கொண்டே காலேஜ் முழுப் பரீட்சையையும் ஒப்பிப்பாள். 'உழைப்பை உழைப்பாளியிடமிருந்து பிரிக்க முடியாது' என்று ஒரு பாடம் வரும். அதைக் கேட்டு ராக்கெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாருடி அப்படிச் சொன்னவன்? நேத்துதானே என் உழைப்பைப் பிரிச்சு உன் டோக்கன்ல போட்டேன்!" அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அதுவே சிரிப்பு. களைத்துப் போகிற நேரமெல்லாம் ஒருத்தி அந்த வரியைச் சொன்னால் போதும்.

"கைரேகைப் பதிவு இல்லையா உங்க கம்பெனியில?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு தடவை மெஷின் வாங்கி மாட்டினாங்க சார். சோப்பு மடிச்சு மடிச்சு எங்க விரலெல்லாம் மழுங்கிப் போச்சு. அதுக்கு எங்களைத் தெரியல. திரும்ப டோக்கனே போட்டுட்டாங்க."

"ம்... பரீட்சையை நீங்கதான் எழுதினீங்களா?"

"நான்தான் சார். சத்தியமா."

"அப்போ வேலை பார்த்தது யாரு?"

அவள் வருகைத் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். அவர் பேனாவை மூடினார்.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. ரூல். வேலை பார்த்தவங்க நேர்ல வந்து எழுதிக் கொடுக்கட்டும். நான் அதைக் கம்பெனிக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கிட்டு உங்களை மூணாம் வருஷத்துல சேர்த்துடறேன். இல்லேன்னா ஆள்மாறாட்டம்னுதான் எடுத்துக்கணும், அந்த ரெண்டு வருஷம் செல்லாது. வேணும்னா முதல் வருஷத்துல புதுசா சேருங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன்."

மறுநாள் கைகழுவும் குழாயடியில் விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமல் மறைக்கலாம் என்றுதான் வந்தாள். ராக்கெட்டிடம் அது நடக்குமா? முகத்தைப் பார்த்தே கறந்துவிட்டாள்.

"இவ்வளவுதானே? நான் வந்து எழுதிக் குடுக்கறேன். என் கையெழுத்து கோணலா இருக்கும், பரவாயில்லையா கேளு."

"விளையாடாதக்கா. அந்தக் கடுதாசி கம்பெனிக்கு வரும். டோக்கன் மாத்தினதுக்கு அச்சு செக்‌ஷன்காரரை ஒரே நாள்ல வெளிய அனுப்பலையா? கடைசியில வர வேண்டிய ஓய்வுப் பணம்கூட கைக்கு வராமப் போச்சே அவருக்கு."

"அது நேத்து மாத்தினதுக்கு. இது எந்தக் காலத்துக் கதை!"

"எந்தக் காலமா இருந்தா என்ன? உன்னை இன்னும் ஒரு வருஷம் வச்சிருந்து பணத்தைக் குடுத்து அனுப்பறதுக்கு, இப்பவே அனுப்பிட்டா லாபம்னு நினைக்க மாட்டாங்களா? வீட்டுல மாமா வேற படுத்த படுக்கையா கிடக்கறார். அந்தப் பணத்தை நம்பித்தானே இருக்க?"

ராக்கெட் குழாயைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்தாள். எரிச்சல் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"அந்த ரெண்டு வருஷத்துல பாதி என்னோடதுடி. அதைச் செல்லாதுன்னு சொல்ல அவன் யாரு?"

காலேஜ் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ராக்கெட்டிடம் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அரை நாள் லீவில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வராந்தா பெஞ்சில் ராக்கெட் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். தொழிற்சாலை மேலங்கி இல்லாமல் பார்த்தால் அவள் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள்.

"யாருகிட்ட கதை விடற? உன் பொண்ணு காலையில பஸ்ல போறதை நான் பார்த்தேன்."

"அக்கா, வீட்டுக்குப் போ."

"போக மாட்டேன். கூப்பிடட்டும், நான்தான் முதல்ல உள்ள போவேன்."

கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். ராக்கெட்டுக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க ஒரு நொடி பிந்தியது. அதற்குள் காலேஜ் அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"சார், அந்த வருகைப் பதிவு சரிதான் சார். நான்தான் வேலை பார்த்தேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்போ பரீட்சை?"

"அந்த ரெண்டு வருஷமும் எனக்கு வேணாம் சார். முதல் வருஷத்துல போட்டுடுங்க."

"அடிப்பாவி!" என்றாள் வாசலிலிருந்து ராக்கெட்.

"யாரும்மா அவங்க?"

"என் அக்கா சார். துணைக்கு வந்திருக்காங்க."

அவர் இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. 'முந்தைய படிப்பைக் கோரவில்லை' என்று எழுதி நீட்டினார், அவள் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் ஆண்டு என்று இருந்ததை அடித்துவிட்டு முதலாம் ஆண்டு என்று அவர் முத்திரை குத்தியபோது மேசை மட்டும் லேசாக அதிர்ந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ராக்கெட் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். இறங்குகிற இடத்துக்கு முந்தின நிறுத்தத்தில் கேட்டாள்.

"மூணு வருஷம் எப்படிடி படிப்ப?"

"படிச்சுக்கலாம்க்கா. பாதி பாடம் உனக்கே தெரியும், நீ சொல்லிக் குடு."

ராக்கெட் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன.

முதல் வகுப்பு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். முதல் ஷிஃப்ட் முடிந்து குளித்து ஓடி வந்தாள். நல்ல உயரமான பெஞ்சு, வெள்ளைப் பலகை, தலைக்கு மேல் சத்தமில்லாத மின்விசிறி. சுவரில் வீடும் இல்லை, சூரியனும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த சின்னப் பெண் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நல்ல வாசனை. என்ன சென்ட்?" என்று கேட்டாள்.

"சோப்பும்மா" என்றாள் காலேஜ்.

ஆசிரியர் வந்தார். இளைஞர், மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். வருகை எடுத்தார். அவள் "உள்ளேன் ஐயா" என்றபோது இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். உற்பத்திக் காரணிகளிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லி, உழைப்பு என்று பலகையில் எழுதினார். இவளுக்கு முதல் ஷிஃப்ட் கிடைக்கட்டும் என்று ரெண்டாம் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்ட ராக்கெட் இந்நேரம் மேசைக்கு முன்னால் நின்றிருப்பாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"உழைப்பின் முதல் இயல்பு. எழுதிக்குங்க. உழைப்பை உழைப்பாளியிடமிருந்து பிரிக்க முடியாது."

பக்கத்துப் பெண் எழுதுவதை நிறுத்தி, "என்ன ஆன்ட்டி சொன்னார்? பிரிக்க முடியுமா, முடியாதா?" என்று கிசுகிசுத்தாள்.

"முடியாது" என்று சொல்லிவிட்டு, காலேஜ் புது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, முதல் தடவை கேட்கிறவளைப் போல அதை எழுதிக்கொண்டாள்.