இடது கன்னத்துக்கு ஒரு பிரஷ்

என் கணவர் அனந்தராமன் மூன்று நாளாக ஷேவ் செய்ய விடவில்லை. பிரஷ்ஷைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்து மாதம் முன்பு வந்த பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, குழறுகிறதே என்ற ரோஷத்தில் பேசுவதையே விட்டுவிட்டார். பிடிவாதம் மட்டும் ஒரு குந்துமணி குறையவில்லை.

நூற்றிரண்டு டிகிரி ஜுரத்திலும் ஷேவ் செய்துகொண்டு ஆபீஸ் போன மனுஷர். இதையும் விட்டுவிட்டாரென்றால் மிச்சம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று மூன்று நாளும் கத்தினேன்.

எல்லாம் என் பிள்ளை நிரஞ்சன் கிளப்பிவிட்டது. போன வாரம் அடையாறிலிருந்து வந்தவன் ஒரு புது பிரஷ் கொண்டுவந்தான். பேட்ஜர் என்ற ஏதோ பிராணியின் முடியாம்.

"பூ மாதிரி இருக்கும்மா. அப்பாவோட பழசு பன்னி முடி, குத்தும்" என்றான் சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்றியா! வெங்காயம்கூட நாள் பார்த்து நுழைகிற வீடு இது. அந்தப் பிரஷ்ஷை நானே கழுவி, துளசித் தொட்டி பக்கத்தில் வெயிலில் வைத்திருக்கிறேன். சிவ சிவா! காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பேட்ஜர் என்பது கீரியா கரடியா என்று நான் கேட்கவில்லை. பன்றி இல்லை, அது போதும்.

நாலாம் நாள் காலை ரகுபதி வந்தான். நொச்சிக்குப்பத்துக்காரன், நாற்பது வயதிருக்கும். இவரைக் குளிப்பாட்டி, ஷேவ் செய்து, நடக்க வைப்பது அவன் வேலை. அன்றைக்கு நேரே என்னிடம் வந்து நின்றான்.

"மாமி, கோச்சிக்காதீங்க. புது பிரஷ்ஷு சோக்காத்தான் கீது. தண்ணி நல்லா புடிக்குது, நுரை கொழகொழன்னு வருது. ஆனா மாமாவுக்கு ஆவாது."

"ஏன் ஆகாது? பட்டாட்டம் இருக்கே!"

"அதான் மாமி கஷ்டமே. மாமாவுக்கு எடது கன்னம் மரத்துப் போய்க் கீது. கை வச்சாலும் தெரியல, துண்டு போட்டாலும் தெரியல. அந்தப் பன்னி முடி முரடு இல்ல? அத்த வச்சி சுத்துறப்போ மட்டும் எடது கண்ண மூடுவாரு. தெனம் பாத்துக்கினுதான் இருந்தேன். அந்த ஒரு நிமிசம்தான் அவருக்குத் தன் கன்னம் கீதுன்னே தெரியும்."

நான் உள்ளே ஓடினேன். "ஏன்னா, நெஜமா?"

சுவரைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். வலது கண் மட்டும் கலங்கியிருந்தது.

"சொல்லித் தொலைக்கப்படாதா?" என்றேன். ஆசாரம் ஆசாரம் என்று இவர் முகத்தில் பாதியை அல்லவா நான் குப்பையில் போட்டிருக்கிறேன்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ரகுபதி வாசலிலேயே நின்று பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான்.

"திருவல்லிக்கேணில வாங்கியாந்தேன், அதே பன்னி முடிதான். ஊட்டுக்குள்ள வைக்க வேணாம் மாமி. தெனம் நானே எடுத்தாந்து, முடிஞ்சதும் எடுத்துக்கினு போயிடறேன். நீங்க தொடவே வேணாம்."

எனக்காக இவன் இவ்வளவு யோசித்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"குடு இங்க" என்றேன்.

"கொஞ்ச நேரம் வெந்நீல ஊறணும் மாமி. இல்லேன்னா ரொம்பக் குத்தும்."

"குத்தட்டும்."

இருந்தாலும் ஊற வைத்தேன். சோப்பில் சுழற்றிப் பார்த்தேன். பேட்ஜர் போலப் பொங்கவில்லை. நாலு தடவை தேய்த்த பிறகுதான் கஞ்சத்தனமாக நுரை வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷத்தில் அவர் முகத்துக்கு நான் சோப்புப் போட்டதில்லை. இடது கன்னத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

இடது கண் மூடியது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கோணிய வாய் மெல்லத் திறந்தது.

"மெ... மெதுவாப் போடுடி."

குழறலாகத்தான் வந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரகுபதி வாசலில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் மெதுவாகப் போடவில்லை. அவர் இன்னொரு தடவை திட்ட வேண்டும் போல இருந்தது.